இரண்டாம் வளைவில் ஒரு சீசன்

வட இங்கிலாந்தில் கிடங்கு வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வருடம், வாரத்தில் ஒரு சாயங்காலம் ஸ்பீட்வே என்ற பைக் பந்தய மைதானத்தில் வாரி பிடிக்கும் வேலை, அதாவது ஓடுதளத்து மண்ணை இழுத்துப் பரப்பும் வேலை, கிடைத்தது. மார்ச் கடைசியில் ஆரம்பித்து அக்டோபரில் முடிந்தது. சம்பளம் என்று பெரிதாக ஒன்றும் இல்லை, பெட்ரோல் காசும் சாப்பாடும்தான். ஆனால் நான் இதுவரை பார்த்த வேலைகளில் எனக்கு மிகவும் பிடித்தது எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். ஸ்பீட்வே பைக்கில் பிரேக் கிடையாது. ஒரே கியர், 500 சிசி ஒற்றை சிலிண்டர் இன்ஜின், மெத்தனாலில் ஓடும். அணிக்கு இரண்டு பேராக நான்கு பேர், நான்கு சுற்று, திரும்புவதெல்லாம் இடப்பக்கம் மட்டும். தொடக்கக் கோட்டில் குறுக்கே கட்டிய டேப் மேலே போனதிலிருந்து ஏறக்குறைய ஒரு நிமிடத்தில் ஹீட், அதாவது ஒரு ஓட்டம், முடிந்துவிடும். முதலில் வருபவருக்கு 3 புள்ளி, அப்புறம் 2, 1, கடைசி ஆளுக்கு ஒன்றுமில்லை. இப்படி 15 ஹீட், மொத்தம் 90 புள்ளி. ஒரு அணி 46 எடுத்தால் ஜெயிப்பு, அதனால் பல இரவுகள் கடைசி ஹீட் வரை இழுக்கும்.

வளைவில் பின்சக்கரத்தை வேண்டுமென்றே வழுக்கவிட்டு, இரும்புத் தகடு கட்டிய இடது காலைத் தரையில் வைத்துக்கொண்டு பக்கவாட்டில் போவார்கள். அதாவது பிரேக் செய்யவேண்டிய வேலையைத் தரை செய்கிறது. அந்தத் தரையைப் பார்த்துக்கொண்டது நாங்கள். செம்மண் நிறத்தில் பொடித்த கல் மாதிரி இருக்கும், ஷேல் என்பார்கள். ஒவ்வொரு ஹீட்டிலும் சக்கரங்கள் அதை வேலிப் பக்கம் வாரி இறைத்துவிடும், உள்பக்கம் வழவழப்பாகிவிடும். அடுத்த ஹீட்டுக்கு முன்னால், கிடைக்கிற கொஞ்ச நேரத்தில், நாங்கள் அதை இழுத்துப் பரப்பி, சக்கரம் தோண்டிய குழிகளை மூடவேண்டும். சில ஹீட்டுகளுக்கு ஒருமுறை டிராக்டரும் தண்ணீர் வண்டியும் வந்து போகும், மற்ற நேரமெல்லாம் கைதான்.

எங்கள் மூத்தவர் முதல் நாளே ஒரு பிடி ஷேலை அள்ளி என் உள்ளங்கையில் வைத்து அழுத்தச் சொன்னார். கையைத் திறந்ததும் உருண்டை உதிர்ந்தால் தண்ணீர் போதவில்லை, விரலில் சேறாக ஒட்டினால் அதிகம், உருண்டையாக நின்று விரலால் தட்டியதும் இரண்டாக உடைந்தால் சரி. காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது, எந்த வளைவில் வெயில் கடைசிவரை நிற்கிறது என்பதையெல்லாம் அவர் பார்த்துவைத்திருந்தார். நான்காம் வளைவு எட்டு மணிக்குள் காய்ந்துவிடும், இரண்டாம் வளைவு காயவே காயாது. எனக்குக் கொடுத்தது இரண்டாம் வளைவு.

இது இரண்டாம் நிலை லீக். ஓடுகிறவர்களில் சிலர் மேல் லீக்கிலும் ஓடுவார்கள், நேற்று ஒரு ஊர், இன்று எங்கள் ஊர், இரவோடு இரவாக வேன் ஓட்டிக்கொண்டு அடுத்த ஊர். சிலருக்குப் பகலில் வேறு வேலை. மூன்று முறை உலக சாம்பியனான டாய் வொஃபிண்டன் கூட இளவயதில் ரை ஹவுஸ் அணிக்காக, அப்போது இரண்டாம் நிலையாக இருந்த பிரீமியர் லீக்கில் ஓடியவர்தான். அதனால் ரிசர்வ் இடத்தில், அதாவது அணிப் பட்டியலின் கடைசி இடங்களில், வருகிற சின்னப் பையன்களை யாரும் லேசாக நினைப்பதில்லை.

ஜூனில் ஒரு இரவு. எட்டாவது ஹீட் முடிந்ததும் வேலியிலிருந்து மூன்றடி தள்ளி ஒரு குழி, என் உள்ளங்கை அகலம்தான். பார்த்தேன். மேலே ஷேலை இழுத்துவிட்டேன், காலால் மிதித்து இறுக்கவில்லை. ஒன்பதாவது ஹீட்டில் எங்கள் ரிசர்வ் பையன் வெளிப்பக்கம் பிடி தேடிப் போனான், முன்சக்கரம் அங்கேயே விழுந்தது. கைமணிக்கட்டில் கட்டிய கயிறு இழுபட்டு இன்ஜின் நின்றது, பைக் காற்றடைத்த வேலியில் மோதியது, சிவப்பு விளக்கு எரிந்தது. மெத்தனால் தீ கண்ணுக்குச் சரியாகத் தெரியாது என்பதால் தீயணைப்பான் வைத்திருந்தவர் எனக்கு முன்னால் ஓடினார். பையனுக்குத் தோள்பட்டை எலும்பு முறிவு. வேறு யாரும் தொடாமல் தானாக விழுந்ததால் விதிப்படி அவனை விலக்கிவிட்டு, மீதி மூன்று பேரை வைத்து ஹீட்டை மறுபடி ஓட்டினார்கள். அது எனக்கு இன்றும் வலிக்கிறது, விழவைத்தது அந்தக் குழி, விலக்கப்பட்டது அவன்.

மூத்தவரிடம் சொன்னேன். திட்டவில்லை. மறுவாரம் ஆட்டத்துக்கு இரண்டு மணிநேரம் முன்னால் வரச்சொல்லி, அந்த வளைவில் என்னைக் குதிகாலால் அங்குலம் அங்குலமாக மிதித்து நடக்கவைத்தார். அதன்பிறகு சீசன் முடியும்வரை அப்படித்தான் நடந்தேன்.

செப்டம்பரில் பையன் திரும்பிவந்தான். ஆட்டத்துக்கு முன்னால் ஓடுகிறவர்கள் தளத்தைச் சுற்றி நடந்து பார்ப்பது வழக்கம், இரண்டாம் வளைவுக்கு வந்ததும் என்னிடம், "வெளிப்பக்கம் எப்படி இருக்கு?" என்றான். "வேலியிலிருந்து ரெண்டடி வரைக்கும் மெத்துன்னு இருக்கு, அதுக்கு உள்ளே நல்லா இறுகியிருக்கு, நான் மிதிச்சுப் பார்த்தேன்" என்றேன். அவனும் குனிந்து ஒரு பிடி அள்ளி அழுத்திப் பார்த்துவிட்டுத் தலையாட்டினான்.

இரண்டாவது ஹீட்டில் சிவப்பு ஹெல்மெட்டில் வந்தான். முதல் சுற்றில் கடைசி. மூன்றாம் சுற்றில் என் கண்ணெதிரே வெளிப்பக்கம் அகலமாகப் போய், ஷேலை என் முகம்வரை தெறிக்கவிட்டு, இரண்டு பேரைக் கடந்தான். 2 புள்ளி. நான் வாரியை எடுத்துக்கொண்டு அவன் போன தடத்தை மூடப்போனேன்.