கொலாபாவில் 6 க்யூபிட்

குவாண்டம் கம்ப்யூட்டர் என்றாலே பேச்சு ஐபிஎம், கூகுள் பக்கம்தான் போகிறது. 2024 ஆகஸ்டில் மும்பை கொலாபாவில் நடந்ததை நம்மில் பலர் கவனிக்கவே இல்லை. டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் 6 க்யூபிட் (குவாண்டம் கம்ப்யூட்டரில் தகவலைத் தாங்கும் அடிப்படை அலகு) பிராசசர் ஒன்றைத் தொடக்கம் முதல் முடிவு வரை ஓட்டிச் சோதித்துவிட்டார்கள்.

எனக்குப் பிடித்தது அந்த எண்ணிக்கை இல்லை (6 இன்றைக்குச் சின்ன எண்தான்), வேலையைப் பங்கு போட்டுக்கொண்ட விதம். சிப்பை வடிவமைத்துத் தயாரித்தது டாடா ஆராய்ச்சி நிறுவனம். அதை இயக்கும் எலக்ட்ரானிக்ஸ், பாதுகாப்புத் துறை ஆராய்ச்சி அமைப்பான டிஆர்டிஓ புனேயில் நடத்தும் இளம் விஞ்ஞானிகள் ஆய்வகத்துடையது. கடையில் கிடைக்கும் கருவிகளோடு தாங்களே புரோகிராம் செய்த போர்டுகளையும் சேர்த்துக் கட்டியிருக்கிறார்கள். கிளவுட் வழியாக சர்க்யூட்டை (க்யூபிட்கள் செய்ய வேண்டிய கணக்கின் படிகளை) அனுப்பி விடை வாங்கும் மென்பொருள் டிசிஎஸ் கைவண்ணம். கிட்டத்தட்ட மைனஸ் 273 டிகிரியில் உறைந்து கிடக்கும் ஒரு சிப்புக்காக மூன்று வேறு உலகத்து ஆட்கள் ஒன்றாக உட்கார்ந்திருக்கிறார்கள்.

2023இல் ஒப்புதல் பெற்ற தேசிய குவாண்டம் மிஷனுக்கு சுமார் 6,000 கோடி ரூபாய். பெங்களூரு ஐஐஎஸ்சி, மெட்ராஸ், பம்பாய், டெல்லி ஐஐடிகள் என நான்கு மையங்கள். குவாண்டம் தகவல் தொடர்பு நம்ம சென்னைக்கு. எட்டு ஆண்டுகளில் 50 முதல் 1000 க்யூபிட் வரை இலக்கு.

சரி, பணம் வந்துவிட்டது. சிப்பை அவ்வளவு குளிரில் வைத்திருக்கும் குளிரூட்டியைப் பராமரிக்கவும் அதை இயக்கும் மைக்ரோவேவ் சிக்னலைச் சீர் செய்யவும் ஆள் வேண்டாமா? ஈசிஇ படிக்கும் பிள்ளைகள் யாராவது "அது பிசிக்ஸ்காரங்க வேலை" என்று சொன்னால், புனே ஆய்வகம் செய்த பங்கைக் காட்டுங்கள்.