கதிரை விமானம்

கொழும்பு வெள்ளவத்தை வீட்டு விறாந்தையில் ஒரு வாரமாக விமானம் ஓடுகிறது. சாப்பாட்டுக் கதிரைகளை வரிசையாகப் போட்டு, பிள்ளைகள் இருவரையும் என் பழைய சால்வையால் இடுப்பில் கட்டிவிடுவேன். மகளுக்கு 5 வயது, தம்பிக்கு 2.

நாங்கள் விமானத்தில் போகப்போகும் சென்னைக்குச் சுமார் ஒன்றரை மணி நேரம்தான். ஆனாலும் காதுவலியை நினைத்தால் எனக்குப் பயம். விமானம் இறங்கும்போது உள்ளே காற்றழுத்தம் கூடும். விழுங்கினால் தொண்டையிலிருந்து காதுக்குப் போகும் குழாய் திறக்கும். அதனால் மகளுக்கு இனிப்பு, தம்பிக்குப் பால் போத்தல். ஏறும்போதே முழுப் பாலையும் கொடுத்துவிடக் கூடாது. நித்திரை என்றாலும் இறங்கத் தொடங்கியதும் எழுப்ப வேண்டும், பாவம்.

"அம்மா, மேகத்துக்குள்ள போனா நனைவமா?" என்று மகள் நேற்றுக் கேட்டாள். யன்னல் திறக்காது என்றேன். சரி என்று சால்வையைத் தானே இறுக்கிக்கொண்டு, "தம்பி, கையைப் பிடி" என்றாள்.