வைக்கோல் தொப்பி போட்ட கேப்டன்

லிங்கன் அடிமைகளை விடுவித்தார், அப்புறம் மார்ட்டின் லூதர் கிங் வந்தார். அமெரிக்கக் கறுப்பர்களைப் பற்றி நான் பள்ளியில் படித்தது மொத்தமே இவ்வளவுதான். 1863-இல் விடுதலை கிடைத்துவிட்டதென்றால் 1963-இல் எதற்கு வாஷிங்டனில் அத்தனை கூட்டம், நடுவில் இருந்த நூறு வருஷம் எங்கே போனது என்று வகுப்பில் யாரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. ரொம்ப நாள் கழித்து ராபர்ட் ஸ்மால்ஸ் என்பவரைப் பற்றிப் படித்தேன். காணாமல் போன அந்த நூறு வருஷத்தில் பாதி இந்த ஒரே ஆளின் ஆயுளுக்குள் கிடந்தது.

1839-இல் தென் கரோலினாவில் ப்யூஃபர்ட் என்ற கடலோர ஊரில், ஆண்டையின் வீட்டுக்குப் பின்னால் இருந்த குடிசையில் பிறந்தவர். அம்மா லிடியா அந்த வீட்டு அடிமை. பையனுக்குப் பன்னிரண்டு வயதானதும் சார்ல்ஸ்டன் நகரத்துக்கு அனுப்பிவிட்டார்கள், படிக்க அல்ல. மாட்டையும் வண்டியையும் வாடகைக்கு விடுவது போல அடிமையையும் வாடகைக்கு விடுவது அங்கே வழக்கம், உழைப்பது இவர், கூலி போவது ஆண்டைக்கு. ஹோட்டல் வேலை, தெருவிளக்கு ஏற்றும் வேலை என்று சுற்றிவிட்டுக் கடைசியில் துறைமுகத்தில் போய் நின்றார். அங்கே மூட்டை இறக்கினார், கப்பல் பாய் தைத்தார், கயிறு கட்டினார், சுக்கான் பிடிக்கவும் கற்றுக்கொண்டார். அந்த நீரோட்டமும் மணல்திட்டும் அவருக்கு அத்துப்படி. ஆனாலும் கறுப்பரை 'பைலட்' என்று சொல்ல மாட்டார்கள், 'வீல்மேன்' என்பார்கள். வேலை அதேதான், பட்டம் மட்டும் கிடையாது.

1856-இல் ஹன்னாவைக் கல்யாணம் செய்துகொண்டார். அவளுக்கு வேறு ஆண்டை. அன்றைய சட்டப்படி அடிமைப் பெண்ணுக்குப் பிறக்கும் குழந்தை அவளுடைய ஆண்டையின் சொத்து, அப்பன் யார் என்பது பேச்சே இல்லை. எப்போது வேண்டுமானாலும் மூட்டை கட்டி விற்றுவிடலாம். மனைவியையும் மகளையும் விலைக்கு வாங்கிவிடலாம் என்று ஸ்மால்ஸ் போய்க் கேட்டார், 800 டாலர் என்றார்கள். கையில் இருந்தது 100. பெண்டாட்டி பிள்ளையை வாங்கக் காசு சேர்த்துக்கொண்டிருந்த ஒரு மனிதன் என்று யோசித்துப் பார்த்தால் எனக்கு அடிமை முறை பற்றிப் படித்த மற்ற எல்லாவற்றையும் விட இந்தக் கணக்குதான் தொண்டையில் நிற்கிறது.

1861 ஏப்ரலில் அதே சார்ல்ஸ்டன் துறைமுகத்தில், சம்ட்டர் கோட்டை மீது சுட்டுத்தான், அடிமை முறைக்காகப் பிரிந்துபோன தெற்கு மாநிலங்களுக்கும் வடக்குக்கும் இடையிலான உள்நாட்டுப் போர் தொடங்கியது. பருத்தி ஏற்றிக்கொண்டிருந்த 'பிளான்ட்டர்' என்ற நீராவிக் கப்பலைத் தெற்கு ராணுவம் எடுத்துக்கொண்டது, சுக்கான் ஸ்மால்ஸ் கையில். துறைமுகத்துக்கு வெளியே வடக்கின் போர்க்கப்பல்கள் முற்றுகையிட்டு நின்றன. கண்ணுக்கெட்டும் தூரத்தில் விடுதலை, நடுவில் வரிசையாகக் கோட்டைகளும் பீரங்கிகளும்.

1862 மே 12 இரவு கப்பலின் வெள்ளை அதிகாரிகள் மூன்று பேரும் கரையில் தங்கப் போய்விட்டார்கள். விதிப்படி போகக் கூடாது. ஆனால் அடிமைகள் கப்பலை ஓட்டிக்கொண்டு போவார்கள் என்று அவர்களுக்குத் தோன்றவே இல்லை. (ஸ்மால்ஸுக்கு உதவிய பெரிய ஆயுதமே இந்த அலட்சியம்தான் என்பேன்.) விடியற்காலை மூன்று மணி வாக்கில் அவர் கேப்டனின் உடுப்பை மாட்டிக்கொண்டு, கேப்டன் எப்போதும் போடுகிற அகலமான வைக்கோல் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டார். கொதிகலன் மூட்டியாயிற்று. முதலில் இன்னொரு துறைக்குப் போய், ஒளிந்திருந்த ஹன்னாவையும் பிள்ளைகளையும் மற்றவர்களுடைய குடும்பங்களையும் ஏற்றினார்கள். மொத்தம் 16 பேர். மாட்டிக்கொண்டால் கப்பலைத் தகர்த்துவிடுவது, உயிரோடு பிடிபடுவதில்லை என்று முன்னாலேயே பேசி வைத்திருந்தார்கள்.

ஒவ்வொரு கோட்டையைத் தாண்டும்போதும் அதற்கென்று ஒரு சங்கு ஒலி உண்டு, அத்தனையும் ஸ்மால்ஸுக்கு மனப்பாடம். நான்கரை மணி வாக்கில் சம்ட்டர். பிரமாண்டமான கோட்டை, சந்தேகம் வந்தால் ஒரே குண்டில் வேலை முடிந்தது. கூட இருந்தவர்கள் கொஞ்சம் சுற்றிப் போகலாமே என்று கெஞ்ச, இவர் வழக்கமான பாதையில், வழக்கமான வேகத்தில், கேப்டன் நிற்பது போலக் கைகளைக் கட்டிக்கொண்டு, தொப்பியை முகத்தில் இறக்கிவிட்டு நின்றார். இரண்டு நீளச் சங்கு, ஒரு குட்டை. கோட்டையிலிருந்து 'போகலாம்' என்று பதில் வந்தது. கப்பல் திரும்பாமல் நேரே வெளிக்கடலை நோக்கிப் போவதை அவர்கள் கவனிப்பதற்குள் குண்டு எட்டாத தூரத்துக்குப் போயாயிற்று.

ஆபத்து அதோடு தீரவில்லை. எதிரே வடக்கின் 'ஆன்வர்ட்' கப்பல், எதிரிக் கப்பல் பாய்ந்து வருகிறது என்று பீரங்கியைத் திருப்பிவிட்டது. அப்போது கொடியை இறக்கிவிட்டு, ஹன்னா கொண்டுவந்திருந்த வெள்ளைப் படுக்கை விரிப்பைக் கம்பத்தில் ஏற்றினார்கள். விடிகிற வெளிச்சத்தில் அது யார் கண்ணிலோ பட்டதால்தான் சுடவில்லை.

கப்பலோடு அதன் இரண்டு பீரங்கிகள், சரக்காக இருந்த இன்னும் நான்கு, ரகசிய சமிக்ஞைப் புத்தகம், அதைவிட ஸ்மால்ஸின் தலைக்குள் இருந்த துறைமுகம், எல்லாம் வடக்குக்குப் போயிற்று. வெகுமதியாக அவர் பங்குக்கு 1,500 டாலர் கிடைத்தது. சில மாதங்களில் வாஷிங்டன் போய், கறுப்பர்களையும் படையில் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று வாதாடியவர்களில் அவரும் ஒருவர். ஆக, லிங்கனின் பிரகடனம் வரும் முன்பே இவர்கள் தங்களைத் தாங்களே விடுவித்துக்கொண்டிருந்தார்கள், இவர்களைப் போலத் தப்பி வடக்கின் முகாம்களுக்கு ஓடியவர்கள் ஆயிரக்கணக்கில். நம் பாடப்புத்தகத்தில் இந்த இடம் காலி.

பிறகு அதே கப்பலுக்கே கேப்டன் ஆனார். 1864-இல் அது ஃபிலடெல்ஃபியாவில் பழுதுபார்க்கப்பட்டபோது, குதிரை டிராமில் ஏறியவரை உள்ளே உட்காரக் கூடாது என்றார்கள், இறங்கி நடந்தார். இது தெற்கு இல்லை, வடக்கு! ரோசா பார்க்ஸ் என்ற கறுப்புப் பெண் பஸ்ஸில் வெள்ளையருக்காக எழ மறுத்தது 1955-இல்.

பிறந்த ஊருக்குத் திரும்பி, வரி பாக்கிக்காக ஏலத்துக்கு வந்த ஆண்டையின் வீட்டையே வாங்கினார். பிற்காலத்தில் புத்தி தடுமாறிய பழைய எஜமானியம்மாளை அதே வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டார் என்று ஒரு கதை உண்டு, எல்லோரும் இதைத்தான் ரசித்துச் சொல்கிறார்கள். எனக்கு அது அவ்வளவு பிடிக்கவில்லை. அவர் செய்ததில் அதைவிடப் பெரிய காரியம் 1868-இல் தென் கரோலினாவின் புதிய அரசியலமைப்பை எழுதிய அவையில் உட்கார்ந்து, எல்லாப் பிள்ளைகளுக்கும் இலவசப் பள்ளி வேண்டும் என்று நின்றது. அடிமைக்கு எழுத்துச் சொல்லிக்கொடுப்பதே குற்றமாக இருந்த மாநிலம் அது. இவரே எழுதப் படிக்கக் கற்றது வளர்ந்த பிறகுதான். பிறகு அமெரிக்க நாடாளுமன்றத்துக்கும் ஐந்து முறை போனார்.

சரி, அப்படியென்றால் எல்லாம் நன்றாகத்தானே போனது? 1876 தேர்தலில் சிவப்புச் சட்டை போட்ட வெள்ளையர் கும்பல்கள் துப்பாக்கியோடு கறுப்பர்களை விரட்டின, மறு வருஷம் மத்திய அரசும் மாநில ஆட்சிக்குக் காவலாக நின்ற படையை விலக்கிக்கொண்டது. துப்பாக்கியால் செய்ததைச் சட்டமாக எழுத 1895-இல் கொலம்பியா நகரில் இன்னொரு அவை கூடியது. 160 உறுப்பினர்களில் கறுப்பர்கள் ஆறு பேர், அதில் ஸ்மால்ஸ் ஒருவர். இனத்தைக் காட்டி ஓட்டு மறுக்கக் கூடாது என்று நாட்டின் அரசியலமைப்பில் 15-ஆம் திருத்தம் இருந்ததால், புதிய விதியில் 'கறுப்பர்' என்ற சொல்லே வராது. 300 டாலர் சொத்து வேண்டும், இல்லையென்றால் அரசியலமைப்பில் ஒரு பகுதியைப் படித்துக் காட்ட வேண்டும், ஆரம்ப வருஷங்களில் வேறொருவர் படித்துச் சொன்னதை விளக்கினாலும் போதும். விளக்கம் சரியா தப்பா என்று முடிவு செய்வது யார்? மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கும் வெள்ளை அதிகாரி. எழுதப் படிக்கத் தெரியாத வெள்ளையருக்கு ஒரு கதவு, படித்த கறுப்பருக்கும் பூட்டு.

அதே அவையில் கறுப்பர் - வெள்ளையர் திருமணத்தைத் தடை செய்யும் விதியும் வந்தது. உடனே ஸ்மால்ஸ் எழுந்து ஒரு திருத்தம் கொடுத்தார்: கறுப்புப் பெண்ணோடு உறவு வைத்திருக்கும் வெள்ளையன் எவனும் அரசுப் பதவி வகிக்கக் கூடாது, அப்படிப் பிறந்த குழந்தைக்கு அப்பன் பெயரும் சொத்தும் சேர வேண்டும். அவையில் இருந்த கனவான்களின் முகத்தை நினைத்துப் பாருங்கள்! தோற்கடித்துவிட்டார்கள், சொல்லவா வேண்டும்.

ஸ்மால்ஸ் 1915-இல் அந்த ப்யூஃபர்ட் வீட்டிலேயே காலமானார். எழுத்தறிவுச் சோதனைகளை 1965-இன் வாக்குரிமைச் சட்டம் நிறுத்தி வைத்தபோது, அது செல்லாது என்று உச்ச நீதிமன்றத்துக்கு ஓடிய மாநிலம் எது தெரியுமா, தென் கரோலினா. 1966-இல் தோற்றது. 1897-க்குப் பிறகு அந்த மாநிலத்திலிருந்து அடுத்த கறுப்பர் நாடாளுமன்றத்துக்குள் போனது 1993-இல்.

1895 அவை முடிந்த அன்று, புதிய அரசியலமைப்பில் எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டும் என்றார்கள். ஸ்மால்ஸ் மறுத்தார். கையெழுத்துப் போடாதவருக்குப் பயணப்படி கிடையாது என்ற பேச்சு வந்தது. கொலம்பியாவிலிருந்து ப்யூஃபர்ட் சுமார் 200 கிலோமீட்டர், அவருக்கு அப்போது வயது 56. இதில் கையெழுத்துப் போடுவதற்குப் பதில் வீட்டுக்கு நடந்தே போவேன் என்றுவிட்டார்.