மூட்டையோடு கட்டைமேல் நடப்பது

ஜப்பானின் சசுகே என்ற தடைதாண்டும் தொலைக்காட்சிப் போட்டியில், இரண்டாம் கட்டத்தில் 30, 40, 50 கிலோ சுவர்களை அடுத்தடுத்துத் தூக்கி அடியில் புகுந்து போக வேண்டும். கஷ்டம்தான், ஆனாலும் கால் தரையில் ஊன்றியிருக்கும். அதே 30 கிலோவை மூட்டையாக்கித் தோளில் வைத்து, 10 செ.மீ. அகலக் கட்டைமேல் நடக்கச் சொன்னால் பலசாலியும் தடுமாறுவார்.

கணக்குப் போட்டால் ஏன் என்று புரியும். ஆள் 70 கிலோ, மூட்டை 30 கிலோ. மூட்டை ஒரு தோளில், உடலின் நடுக்கோட்டிலிருந்து 20 செ.மீ. தள்ளி இருக்கிறது. இரண்டும் சேர்ந்த எடையின் மையம் 6 செ.மீ. அந்தப் பக்கம் நகர்ந்துவிடும். கட்டையின் நடுவிலிருந்து விளிம்புக்கோ 5 செ.மீ.தான். நேராக நிமிர்ந்து நின்றாலே சாய்ந்துவிடுவோம்! இடுப்பை எதிர்ப்பக்கம் தள்ளியே நடக்க வேண்டும். விலாப் பக்கத் தசை அதை வெகுநேரம் தாங்காது.

எனவே மூட்டை பிடரிக்குக் குறுக்கே, இரண்டு தோளிலும் படுக்க வேண்டும். மணல் மூட்டையைத் திணித்து நிரப்பாமல் கொஞ்சம் இடம் விட்டால் கழுத்தைச் சுற்றி மடிந்து உட்காரும். கட்டையில் ஏறும் முன்பே குலுக்கிப் பாருங்கள். பாதி வழியில் சரிசெய்ய முடியாது. பிடிக்க ஒரு கை போதும், இன்னொரு கை விரிந்தே இருக்கட்டும். குறுகிய கட்டையில் கணுக்காலால் பெரிதாக எதுவும் செய்ய முடியாது, சரிவை மீட்பது கையும் இடுப்பும்தான். மார்போடு அணைத்தால் இரண்டு கையும் போச்சு, காலடியும் மறைந்துவிடும். தண்ணீர்ப் பீப்பாய் என்றால் முழுக்க நிரம்பியதே மேல். அரைகுறையாக நிரம்பியது உள்ளே அலைபாய்ந்து, நாம் ஒரு பக்கம் திருத்தும்போது இன்னொரு பக்கம் இழுக்கும்.

முழங்காலைச் சற்று மடக்கி, சின்ன அடியாக வையுங்கள். பார்வை கட்டையின் மறுமுனையில். தடுமாறினால் நிமிரக் கூடாது, உட்காருவதுபோல் தாழ வேண்டும்.

தொங்குபாலத்தில் கதையே வேறு. 2023இல் வந்த 'பிசிக்கல்: 100' என்ற கொரிய உடல்வலிமைப் போட்டி நிகழ்ச்சியின் முதல் சீசனில் ஐந்து பேர் கொண்ட அணிகள் பாலத்துக்குத் தாங்களே பலகை போட்டு, மணலைச் சுமந்து கடந்தன. அங்கே பலகை இடைவெளிதான் முதல் பிரச்சினை. இடைவெளி கூடினால் எட்டி வைக்க வேண்டும், ஒற்றைக்காலில் நிற்கும் நேரம் கூடும். இரண்டு பேர் ஒரே பலகையில் நின்றால், முன்னவர் இறங்கியதும் அது பின்னவரின் காலை மேலே தூக்கி அடிக்கும். ஒரு பலகைக்கு ஒருவர், அதுவும் ஒரே தாளத்தில் மிதிக்காமல் போவதே நல்லது என்பேன்.

பழக, தரையில் கோடு போட்டு 10 கிலோவோடு தொடங்கலாம். எடை, உயரம் இரண்டையும் ஒரே நாளில் கூட்டாதீர்கள். மூட்டையை உடம்போடு ஒருபோதும் கட்டாதீர்கள்; விழும்போது அதை எதிர்ப்பக்கம் தள்ளிவிட்டால்தான் நம்மேல் விழாது.