அட்டவணையை மூடிவிட்டு ‘இல்லே’ பின்னால் போங்கள்

லத்தீன் வழி வந்த மொழிகளின் வரலாற்றுத் தாளில் முதல் தடவை கோட்டை விட்டேன். ஆங்கில ‘தி’ (the) போன்ற ஆர்ட்டிகிள்களை, பிரெஞ்சு லெ, ஸ்பானிய எல், இத்தாலிய இல் என்று மொழிவாரியாகக் கட்டம் போட்டு உருப்போட்டிருந்தேன். கேட்டதோ சார்தீனிய மொழியின் ‘சு, சா’. ஆர்ட்டிகிள் என்றாலே ‘இல்லே’ என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்ததுதான் என்று எழுதிவிட்டு வந்தேன். அவை ‘தானே’ என்று அழுத்திச் சொல்லும் ‘இப்சே’யின் வடிவங்களான இப்சும், இப்சாவிலிருந்து வந்தவை. ‘சா’வில் லகரமே இல்லையே என்று ஒரு நிமிடம் யோசித்திருக்கலாம்.

அடுத்த முறை அட்டவணையை மூடிவிட்டு, ஒவ்வொரு லத்தீன் சொல்லும் எங்கெங்கே போய்ச் சேர்ந்தது என்று பார்த்தேன். லத்தீனில் ஆர்ட்டிகிள் கிடையாது. தங்கள் மொழிக்கு அது வேண்டியதில்லை என்று முதல் நூற்றாண்டிலேயே ரோமானியப் பேச்சுக்கலை ஆசிரியர் குவின்டிலியன் எழுதிவிட்டார். இருந்தது ‘அந்த’ என்று சுட்டும் இல்லே. அதன் பெண்பால் இல்லா. அழுத்தம் பெற்றுத் தனியாக நின்ற இல்லா, பிரெஞ்சில் எல், ஸ்பானியத்தில் எய்யா என்று ‘அவள்’ ஆனது. பெயர்ச்சொல்லுக்கு முன்னால் அழுத்தமின்றி ஒட்டிக்கொண்டபோது தலை தேய்ந்து ‘லா’ ஆனது. நமக்கு இது புதிதல்ல: ‘அவள்’, ‘அந்த’ இரண்டிலும் இருப்பது ஒரே அகரச் சுட்டுதானே. ருமேனியனில் மட்டும் அது சொல்லின் வாலில் ஒட்டும்: லுப் என்றால் ஓநாய், லுபுல் என்றால் அந்த ஓநாய்.

பலரும் சறுக்குவது சுட்டுப்பெயர்களில். ஹிக், இஸ்தே, இல்லே என்ற லத்தீன் வரிசை கிட்டத்தட்ட யாழ்ப்பாணத்து ‘இது, உது, அது’ மாதிரி; ‘உது’ என்பது கேட்பவர் பக்கம் இருப்பது. ஸ்பானியத்திலும் எஸ்தே, எசே, அக்கெல் என்று மூன்று உண்டு. ஒன்றுக்கு ஒன்று என்று கோடு போட்டு இணைத்தீர்களோ, மதிப்பெண் போச்சு! ஹிக் தேய்ந்து மறைந்ததும், ‘உது’வாக இருந்த இஸ்தே நகர்ந்து ‘இது’ ஆகிவிட்டது. காலியான நடு இடத்துக்கு வந்தது இப்சே, அதுதான் எசே. இல்லேவுக்கு முன்னால் ‘இதோ பார்’ என்ற பொருளுள்ள சொல் சேர்ந்து அக்கெல் வந்தது.

அப்புறம், பழைய வாசகங்களைக் கட்டாயம் படியுங்கள். பிரெஞ்சின் மிகப் பழைய வாசகமான, 842-ஆம் ஆண்டின் ஸ்ட்ராஸ்பூர் உறுதிமொழியில் ‘கிறிஸ்தவ மக்களுக்காக’ என்ற இடத்தில் ஆர்ட்டிகிள் இல்லை. 880 வாக்கில் எழுந்த பழைய பிரெஞ்சு யூலாலியா பாடலில் ‘லி’யும் ‘லா’வும் வந்துவிடுகின்றன.

வாய்மொழித் தேர்வின் கடைசிக் கேள்வி, பிரெஞ்சில் ‘ஆமாம்’ என்று சொல்லும் ‘வீ’ எப்படி வந்தது என்பது. “ஹோக் இல்லே” என்றேன்; ஹோக் என்றால் ‘இது’. அங்கேயும் அதே ஆள்தான்.