சைக்கிளைச் சுவரில் மாட்டத் துளை போடும் முன்

சுவரில் மாட்டிய சைக்கிள் விழுந்தால், பெரும்பாலும் மேல் போல்ட்டைப் பிடுங்கிக்கொண்டுதான் விழும். கியர் சைக்கிள் 15 கிலோ என்று வையுங்கள். குறுக்குவாட்டில் மாட்டும் பிராக்கெட்டில் அந்தப் பாரம் சுவரிலிருந்து 30 செ.மீ. தள்ளி நிற்கும். பிளேட்டின் இரண்டு துளைகளுக்கும் இடையே 10 செ.மீ.தான் என்றால், மேல் போல்ட்டைச் சுமார் 45 கிலோ வெளியே இழுக்கும். இடைவெளி 25 செ.மீ. ஆனால் அது 18 கிலோவாகக் குறையும். கடையில் கம்பியின் கனத்தைப் பார்ப்பதோடு நிற்காமல் பிளேட்டின் உயரத்தையும் பாருங்கள்.

இடம் நெருக்கடி என்றால் முன்சக்கரத்தைக் கொக்கியில் மாட்டிச் செங்குத்தாக நிறுத்துவதே மேல். பாரம் சுவரை ஒட்டியே இறங்கும், பின்சக்கரமும் சுவரில் சாய்ந்துகொள்ளும். கேரியர், செயின் கவர் எல்லாம் உள்ள பழைய 20 கிலோ சைக்கிளை மட்டும் தரையிலேயே விட்டுவிடுங்கள். தினமும் தூக்கி மாட்ட யாராலும் முடியாது.

அடுத்து சுவர். பில்லர் கிடைத்தால் அதுதான் முதல் தேர்வு. 9 அங்குலச் செங்கல் சுவரும் போதும். நாலரை அங்குலத் தடுப்புச் சுவரில் ஹாமர் டிரில் ஓட்டினால் மறுபக்கப் பூச்சு பெயர்ந்து வரும். டிரில்லில் வரும் தூளே சுவரைக் காட்டிக்கொடுக்கும்: சிவப்பு என்றால் செங்கல், சாம்பல் நிறத்தில் வந்து பிட்டும் திணறினால் கான்கிரீட், மாவு போல வெளுப்பாகச் சுலபமாகக் கொட்டினால் ஏஏசி பிளாக், அதாவது காற்றுக் குமிழிகள் நிறைந்த இலேசான சிமென்ட் கல். ஏஏசியில் சாதாரண பிளக் பிடிக்காது. ஹாமரை அணைத்துத் துளையிட்டு, அதற்கென்றே விற்கும் நீள நைலான் பிளக் போடுங்கள். ஸ்விட்ச் போர்டுக்கு நேர் மேலும் கீழும், குளியலறைக் குழாய் ஓடும் சுவரிலும் டிரில்லையே கொண்டுபோகாதீர்கள்.

உயரத்துக்கு டேப் வேண்டாம். சைக்கிளைப் பின்சக்கரத்தில் நிமிர்த்திச் சுவரோடு நிறுத்துங்கள். கொக்கி ரிம்மைப் பிடிக்கவேண்டிய இடத்தைக் குறித்து, அதற்கு 5 செ.மீ. மேலே கொக்கி வரட்டும். அதற்கு மேல் போனால் தூக்குவது சிரமம். இரண்டு சைக்கிள் என்றால் ஒரு கொக்கியை 25 செ.மீ. உயர்த்துங்கள், இல்லாவிட்டால் ஹேண்டில்பார்கள் சிக்கிக்கொள்ளும்.

கான்கிரீட்டிலும் கெட்டியான செங்கல்லிலும் 8 மி.மீ. போல்ட் கொண்ட ஸ்லீவ் ஆங்கருக்கு (முறுக்கும்போது உறை விரிந்து துளையை இறுகப் பிடிக்கும் போல்ட்) 10 மி.மீ. பிட். பூச்சே 12 முதல் 15 மி.மீ. வரை தின்றுவிடும், அதைத் தாண்டி உள்ளே 50 மி.மீ. ஆழம் வேண்டும். தூளை ஊதி எடுக்காவிட்டால் ஸ்லீவ் விரிந்தும் பிடிக்காமல் சுற்றும். சைக்கிள் பம்பே இதற்குப் போதும். பில்லரில் கம்பி இடித்தால் முட்டிக்கொண்டிருக்காமல் 4 செ.மீ. தள்ளிப் போடுங்கள். செங்கல்லில் கையால் இறுகியபின் இரண்டு மூன்று சுற்று போதும், அதற்கு மேல் முறுக்கினால் கல் பிளக்கும்.

மாட்டும் முன் 20 லிட்டர் தண்ணீர் கேனைக் கயிற்றில் கட்டி ஒரு ராத்திரி தொங்கவிடுங்கள். காலையில் பிளேட்டின் மேல் விளிம்புக்கும் சுவருக்கும் நடுவே காகிதம் நுழைந்தால் அந்தத் துளையை நம்பாதீர்கள்.

ஹைட்ராலிக் பிரேக் (கம்பிக்குப் பதில் குழாயில் உள்ள திரவம் அழுத்திப் பிடிக்கும் பிரேக்) உள்ள சைக்கிளை இறக்கியதும் லிவரை நாலைந்து முறை அழுத்திவிட்டு ஏறுங்கள். உள்ளே காற்று இருந்தால், செங்குத்தாக நின்றதில் அது இடம் மாறி முதல் அழுத்தத்தில் பிரேக் பிடிக்காமல் போகலாம்.