மூழ்கிப் போச்சு என்று சொன்ன வளையல்

மார்ச் 5, 2025, புதன்

காலைப் பூசைக்குப் புதுச்சேரி சம்பா கோயில் போனேன். சாமியார் நெற்றியில் சாம்பல் பூசினார். வாசகம் யோவேல் இரண்டாம் அதிகாரம்: உடையை அல்ல, இதயத்தைக் கிழித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு சாம்பல் புதனிலும் கேட்பதுதான். இந்த முறை மிஷன் வீதி தாண்டியும் அது என்னை விடவில்லை. வீட்டுக்கு வந்ததும் பீரோவைத் திறந்தேன்.

மஞ்சள் துணியில் அம்மாவின் இரண்டு வளையல். மூன்று சவரன். ஒன்றில் ஆட்டுக்கல்லில் இடித்த நெளிவு இன்னும் இருக்கிறது. அக்காவுக்கு என்று அம்மா சொல்லி வைத்திருந்தவை. 2017இல் அம்மாவின் ஆபரேஷனுக்காக அடகு வைத்தேன். எட்டு மாதத்தில் நானே மீட்டேன். அம்மாவிடமும் அக்காவிடமும் "மூழ்கிப் போச்சு" என்றேன்.

மார்ச் 7, வெள்ளி

சிலுவைப்பாதை முடிந்து வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். இத்தனை வருடமும் சாமியாரிடம் பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்கும் பாவசங்கீர்த்தனம் செய்துகொண்டுதான் இருக்கிறேன். "பேராசைப்பட்டேன், பொய் சொன்னேன் சாமி" என்பேன். அதற்கு மேல் ஒரு வார்த்தை வராது. வளையல் என்ற சொல்லை ஒருமுறைகூடச் சொன்னதில்லை. ஆத்தும சோதனை, மனஸ்தாபம், பிரதிக்கினை, சங்கீர்த்தனம், அபராதம் என்று சின்ன வயதில் ஞானோபதேச வகுப்பில் ஒப்பித்த ஐந்தும் இன்றும் மறக்கவில்லை: பாவத்தை நினைத்துப் பார்ப்பது, அதற்கு வருந்துவது, இனிச் செய்யேன் என்று உறுதி எடுப்பது, சாமியாரிடம் சொல்வது, அவர் சொல்லும் பரிகாரத்தைச் செய்வது. மனப்பாடம் செய்தேனே தவிர, ஒன்றையும் ஒழுங்காகச் செய்யவில்லை.

ராத்திரி ஒரு யோசனை வந்தது. மே மாதம் அக்கா மகளுக்குக் கல்யாணம். தாய்மாமன் சீராக வளையலை வைத்துவிடலாம். பொருள் போக வேண்டிய இடத்துக்குப் போய்விடும், யாருக்கும் வருத்தமும் இருக்காது. நிம்மதியாகத் தூங்கினேன்.

மார்ச் 8, சனி

பாவசங்கீர்த்தனத்தில் எல்லாவற்றையும் பெயர் சொல்லிச் சொன்னேன், சீர் யோசனை உட்பட. சாமியார் ஒன்றுதான் கேட்டார்: "அது யாருடைய பொருள்?"

திருடின பொருளைக் கொடுத்துப் பாசக்காரத் தம்பி என்று பெயர் வாங்கப் பார்த்திருக்கிறேன். நெஞ்சு பதறியது. பைபிளில் வரி வசூலிப்பவனான சக்கேயு கூட்டத்தின் முணுமுணுப்புக்கு நடுவே எழுந்து நின்று, இயேசுவிடம் ஏமாற்றியதை நாலு மடங்காகத் திருப்பிக் கொடுக்கிறேன் என்றான். பரிசு தருகிறேன் என்று சொல்லவில்லை. யூதாசும் முப்பது வெள்ளிக்காசைத் திருப்பிக் கொண்டுபோனான், ஆனால் தலைமைக் குருக்களிடம். தான் காட்டிக்கொடுத்தவரிடம் போகவில்லை. ஆண்டவரைத் தெரியாது என்று மறுதலித்த பேதுரு அழுதான், அப்புறம் ஆண்டவர் முகத்தைப் பார்க்க வந்தான். எனக்கு அந்த வித்தியாசம்தான் எல்லாம்.

மார்ச் 12, புதன்

போகவில்லை. வேலை இருந்தது என்று எழுதினால் அதுவும் பொய்.

மார்ச் 16, ஞாயிறு

பூசை முடிந்ததும் கடலூர் பஸ் ஏறினேன். முள்ளோடை, ரெட்டிச்சாவடி எல்லாம் போனதே தெரியவில்லை. பெண்ணையாற்றுப் பாலம் வந்தபோது மடியில் இருந்த துணி வியர்வையில் நனைந்திருந்தது.

மஞ்சக்குப்பம் வீட்டில் அக்கா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். உட்காராமலே சொன்னேன். "மூழ்கலக்கா. நான்தான் மீட்டு வச்சுக்கிட்டேன். உன்கிட்டயும் அம்மாகிட்டயும் பொய் சொன்னேன். மன்னிச்சுடு." கஷ்டத்தில் இருந்தேன் என்று ஒரு வாக்கியம் வாய் வரை வந்தது. விழுங்கிவிட்டேன்.

அக்கா துணியைப் பிரித்தாள். அந்த நெளிவை விரலால் தடவிப் பார்த்தாள். ரொம்ப நேரம் கழித்துத்தான் பேசினாள்.

"அம்மா சாகற வரைக்கும் என்கிட்ட வருத்தப்பட்டுக்கிட்டே இருந்தாடா. என் வைத்தியத்துக்குப் போய் உன் வளையல் போச்சேன்னு."

எனக்கு இது தெரியாது. வளையலைத்தான் திருடினேன் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

அக்கா காபி கொடுத்தாள். மன்னித்தேன் என்று சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அடுத்த சனிக்கிழமை மறுபடியும் பாவசங்கீர்த்தன வரிசையில் நிற்க வேண்டும். அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.